முதலில் உப்பு, அப்புறம் எண்ணெய்: குமரிக் கடற்கரையில் ஸ்பின்னிங் ரீல் பராமரிப்பு

குமரிக் கடற்கரையில் ரீல் தூண்டில் போடுகிற நான்கு பேர் கூடினால் பேச்சு கடைசியில் எண்ணெயில் வந்து நிற்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும் என்பார் ஒருவர். தேங்காய் எண்ணெயை மிஞ்ச எதுவும் இல்லை என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஸ்பிரே டப்பாவை எடுத்துக் காட்டுவார். நான்காமவர் ஜப்பானிலிருந்து வந்த சிறு குப்பியின் விலையைச் சொல்லி மற்ற மூவரையும் வாயடைக்க வைப்பார். நால்வர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்தக் கரையில் பழுதான ரீல்களைத் திறந்து பார்த்தால், எண்ணெய் போதாமல் தேய்ந்தவை குறைவு. உள்ளே தங்கிய உப்பு அரித்தவையே அதிகம். ஆகவே எந்த எண்ணெய் என்று கேட்பதற்கு முன்னால், உப்பை எப்படி வெளியேற்றுவது, அது மறுபடி நுழையாமல் எப்படித் தடுப்பது என்று கேட்க வேண்டியிருக்கிறது. மசகின் வேலை உராய்வைக் குறைப்பது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். முட்டத்துப் பாறையில் நிற்பவருக்கு அது இரண்டாவது வேலை. உலோகத்தின் பக்கம் தண்ணீரை அண்டவிடாமல் வைப்பதே முதல் வேலை.

இந்த மாவட்டத்தில் தூண்டில் பழையது, ரீல் புதியது. கட்டுமரத்தில் போய்க் கைத்தூண்டில் போட்டவர்களுக்கு ரீல் தேவைப்பட்டதில்லை. நீரோடி முதல் இரயுமன்துறை வரை தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்களிலிருந்து சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடல் போகிறவர்களுக்கும் அது வேண்டியிருக்கவில்லை. கயிறு, முள், ஈயம், கை: அவ்வளவுதான். பேணிக் காக்க வேண்டிய இயந்திரம் என்று அவர்களிடம் இருந்தது வள்ளத்தின் எஞ்சின். ஸ்பின்னிங் ரீல் வேறு வழியாக வந்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டியில் முதலில் வந்தது. பிறகு இணையக் கடைகள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுத்தன. இன்று கடியப்பட்டினம், முட்டம் பாறைகளிலும், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகச் சுவர்களிலும், கடலரிப்புக்காகப் போட்ட தூண்டில் வளைவுகளிலும், மணக்குடிப் பொழிமுகத்திலும் பாறை மீனுக்கும் ஊளிக்கும் கொடுவாவுக்கும் ரீல் சுற்றுகிறவர்களைப் பார்க்கலாம். கருவி வந்துவிட்டது, அதைப் பேணும் மரபு கூடவே வரவில்லை. இத்தனை எண்ணெய் வாதங்களும் அந்த இடைவெளியில் முளைத்தவை.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ரீலின்மேல் தெறித்த துளி காய்ந்தால் நீர் போகும், உப்பு நிற்கும். காய்ந்த உப்பு சும்மா கிடக்கும் என்று நினைப்பதில்தான் ஏமாற்றம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சாமித்தோப்பு, புத்தளம் பக்கம் உப்பளங்களில் குவித்த உப்பு தானாக நீர்விட்டுக் கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. கடலோர ஊர்களில் இரவில் ஈரப்பதம் 75ஐத் தாண்டாத நாட்கள் குறைவு. ஆகவே அலமாரியில் பத்திரமாக வைத்த ரீலுக்குள் இரவுதோறும் கொஞ்சம் உப்புக்கரைசல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ரீல் வேலை செய்யாத நேரத்திலும் உப்பு வேலை செய்கிறது.

ரீலுக்குள் இருப்பதோ பல சாதி உலோகங்கள். அலுமினிய உடம்பு, பித்தளைப் பினியன், துத்தநாகக் கலவையில் வார்த்த பெரிய பல்சக்கரம், துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள். வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் நனைந்து ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு மின்கலம் உண்டாகிவிடும். அதில் அலுமினியமும் துத்தநாகமும் கரைந்து எஃகைக் காப்பாற்றும். திருகு பளபளவென்று இருக்க, அதைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கழற்றப் போனால் திருகோடு உடம்பின் மரையும் சேர்ந்து வரும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி பேரிங்கை விட்டுவிடவும் கூடாது. கடினத்துக்காகக் கரிமம் கூட்டிச் செய்த பேரிங் எஃகு, சமையலறைப் பாத்திரத்து எஃகைவிட உப்புக்குச் சீக்கிரம் பணியும்.

உப்புக்கு அடுத்த எதிரி மணல். இங்கேயும் இந்தக் கரைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் மணலிலிருந்து பிரித்தெடுக்கும் இல்மனைட், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகியவை அந்தப் பக்கத்துக் கடற்கரை மணலில் கறுப்பும் சிவப்புமாக வரிவரியாகக் கிடக்கின்றன. மோஸ் கடின அளவுகோலில் சிர்கான் 7.5, கார்னெட் 7ஐ ஒட்டி. பித்தளை 3, 4 என்ற அளவில் நிற்கும். அலுமினியம், துத்தநாகம் அதற்கும் கீழே. நனைந்த ரீலை மணலில் ஒரு நிமிடம் சாய்த்து வைத்தால் கைப்பிடி இடுக்கு வழியாகச் சில மணிகள் போதும். உள்ளே போனபின் அவற்றைக் கிரீஸ் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொண்டு பல்சக்கரத்தின்மேல் தேய்க்கும். உப்பைக் கழுவலாம், கிரீஸில் ஒட்டிய மணலைக் கழுவ முடியாது. பழைய கிரீஸை முழுக்க வழித்தெடுத்தால்தான் போகும். புதுக் கிரீஸைப் பழையதன் மேலேயே அப்புகிறவர்கள் செய்வது தேய்மானத்துக்குப் புதுத் தீனி போடுவதுதான்.

எங்கே எண்ணெய், எங்கே கிரீஸ் என்பதற்கு ரீலின் இயக்கம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905இல் இந்த வகை ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர் அது. நூல்கண்டின் முனைவழியாக நூல் கழன்று வருகிற முறைதான் அவருக்கு யோசனை கொடுத்தது என்பார்கள். வீசும்போது ஸ்பூல் சுழலாது, நரம்பு வளையம் வளையமாக நழுவிப் போகும். சுற்றும்போதும் ஸ்பூல் முன்னும் பின்னும் நகருமே தவிர சுழலாது. ரோட்டார் அதைச் சுற்றிவந்து நரம்பை ஏற்றும். பெரிய மீன் இழுத்தால் மட்டும் டிராக் இளகி ஸ்பூல் சுழலும். வீசும் கணத்தில் ஒரு பேரிங்கூடச் சுழல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெய்ட்காஸ்டர் ரீலில் அப்படி இல்லை. ஸ்பூலே சுழல்வதால் அதன் பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய்தான் தகும், வீச்சின் தூரமே அதைப் பொறுத்தது. ஸ்பின்னிங் ரீலுக்கு அந்தக் கவலை கிடையாது. கடையில் கைப்பிடியைத் தட்டிவிட்டால் அது தானாகப் பல சுற்று ஓட வேண்டும் என்று பார்க்கிறார்களே, அதற்கும் மீன் பிடிப்பதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஓட்டத்துக்காக உள் பேரிங்குகளில் கிரீஸை எடுத்துவிட்டுத் தண்ணீர் போன்ற எண்ணெய் விடுவது, கதவைத் திறந்து வைத்து உப்பை உள்ளே கூப்பிடுகிற காரியம். உடம்புக்குள் இருக்கும் பேரிங்குகளைக் கிரீஸால் நிரப்பிவிடலாம். சுற்று கொஞ்சம் கனக்கும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

லைன் ரோலர் மட்டும் வேறு கதை. பெயில் கம்பியின் முனையில், நரம்பு திரும்புகிற இடத்தில் உருளும் சின்ன உருளை அது. நடுத்தர ரீல் ஒன்றில் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ 90 செ.மீ. நரம்பு உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ரோட்டார் ஐந்தாறு சுற்று சுற்றும். உருளையின் விட்டம் 1 செ.மீ. என்றால் அது வழுக்காமல் உருள 28 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். ரீலிலேயே அதிகம் ஓடுகிற பேரிங் இதுதான். கடல்நீர் சொட்டும் நரம்பு நேரே உரசிப் போகிற ஒரே பேரிங்கும் இதுதான். பிரெய்டு நரம்பின் இழைகளுக்கிடையே தண்ணீர் தங்குவதால் தங்கூசியைவிட அது அதிக உப்புநீரைக் கொண்டுவந்து இங்கே பிழியும். பல ரீல்களில் இந்த பேரிங்கின் வெளிவிட்டமே 7 மி.மீ.தான். அவ்வளவு சிறிய பொருள் இறுகி நின்றுவிட்டால் உருளை உருளாது; நரம்பு அதன்மேல் அறுக்கத் தொடங்கும், முறுக்கும் ஏறும். நரம்பு சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒருதரம் ரோலரை விரலால் உருட்டிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் இங்கே ஒரு துளி எண்ணெய் விட வேண்டும். ரீலில் வேறெதையும் செய்ய நேரமில்லாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

மற்ற இடங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். வேகமாகவும் பாரமில்லாமலும் அசைகிறவற்றுக்கு எண்ணெய்: கைப்பிடிக் குமிழ், பெயில் கம்பியின் கீல்கள், ஸ்பூல் ஏறி இறங்கும் நடுத்தண்டு. பாரம் தாங்கிப் பல்லோடு பல் உரசுகிறவற்றுக்குக் கிரீஸ்: பெரிய பல்சக்கரம், பினியன், ஸ்பூலை ஏற்றி இறக்கும் புழுத்திருகு. திருகு மரைகளுக்கும் துளி கிரீஸ் தடவி முடுக்கினால் முன்பு சொன்ன வெள்ளைப்பொடி அரிப்பு வெகுவாகக் குறையும். இதைத் தொழிற்சாலையிலேயே பல நேரம் செய்வதில்லை. புது ரீலைப் பிரித்துப் பார்த்தால் பல்சக்கரத்தில் மட்டும் கிரீஸைத் தடவி, மற்ற இடங்களைப் பட்டினி போட்டிருப்பது தெரியும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிரீஸ் ஆகவே ஆகாது. கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒருவழி கிளட்ச்சில் சிறு எஃகு உருளைகள் சரிவான பள்ளங்களில் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் விடுபடும்படி வைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்குகள் மிக மெல்லியவை. கிரீஸ் அங்கே போனால் உருளைகள் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். மீன் அடித்து இழுக்கிற நேரம் கைப்பிடி பின்னால் சுழன்று விரல் கணுவைப் பதம் பார்க்கும். முன்பு நன்றாக இருந்த ரீல் சர்வீஸுக்குப் பிறகு பின்வாங்குகிறது என்று கேள்விப்பட்டால், பத்தில் ஒன்பது தரம் காரணம் இதுதான். அதைத் துடைத்து, மிக மெல்லிய எண்ணெய் பெயருக்குப் பூசினால் சரியாகும்.

இனி வீட்டு எண்ணெய்கள். தேங்காய் எண்ணெய்க்கு நாஞ்சில் நாட்டில் எதிர்வாதம் செய்வது எளிதல்ல. தலைக்கும் அதுதான், சட்டிக்கும் அதுதான், பூட்டுக்கும் அதுதான். மற்ற தாவர எண்ணெய்களைவிட அது காற்றில் சீக்கிரம் கெட்டுப் பிசினாவதில்லை என்பதும் உண்மையே. ஆனால் அதிலுள்ள கொழுப்பமிலங்கள் பித்தளையிலுள்ள செம்போடு கூடிப் பச்சைக் களிம்பாகும். குத்துவிளக்கின் எண்ணெய்க் கிண்ணத்தில் சில நாள் துடைக்காமல் விட்டால் படிகிற அதே பச்சைதான் ரீலின் பினியனிலும் படியும். 24 டிகிரி செல்சியஸை ஒட்டி அது உறையவும் செய்யும். நாகர்கோவிலில் மார்கழிக் காலையில் குப்பி வெளுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அவசரத்துக்கு ஒரு துளி விட்டால் ரீல் செத்துவிடாது, வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

தையல் மெஷின் எண்ணெயைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது நிறமற்ற, மெல்லிய கனிம எண்ணெய். லைன் ரோலருக்கும் குமிழுக்கும் கீல்களுக்கும் தாராளமாகப் போதும். சீக்கிரம் கழுவப்பட்டுவிடும் என்பதுதான் குறை, ஆகவே அடிக்கடி விட வேண்டும். விலையைப் பார்த்தால் அது ஒரு குறையே அல்ல. ஜப்பான் குப்பி நிச்சயமாக இதைவிட நீண்ட நேரம் ஒட்டி நிற்கும். ஆனால் அதை விலைக்குப் பயந்து மாதம் ஒரு துளி விடுகிறவரைவிட, மெஷின் எண்ணெயை ஒவ்வொரு தடவையும் விடுகிறவரின் ரீல்தான் பிழைக்கும். மீன்பிடி ஊர்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எஞ்சின் ஆயில் இதற்கு ஏற்றதல்ல. தண்ணீர் சேர்ந்தால் அது கலங்கிப் பால்போலாகி ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

ஸ்பிரே டப்பாக்களில் பிரபலமானது டபிள்யூடி-40. 1953இல் சான் டியேகோவிலிருந்த ராக்கெட் கெமிக்கல் என்ற சிறு நிறுவனம், உலோகத்திலிருந்து தண்ணீரை விலக்கத் தயாரித்த கலவை அது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் பெயரில் 40. இறுகிப்போன திருகை இளக்கவும், நனைந்த உலோகத்திலிருந்து நீரை விரட்டவும் அது அருமையானது. அதையே மசகாக நம்பி ரீலுக்குள் பீய்ச்சுவதுதான் சிக்கல். அதிலுள்ள கரைப்பான் இருக்கிற கிரீஸை இளக்கி வழியவிட்டுவிட்டு ஆவியாகும். மிஞ்சுவது மெல்லிய படலம். அதற்குப் பின் கடலுக்குப் போகிற ரீல், கிரீஸ் இல்லாமல் போகிற ரீல்.

கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஒருவகை சோப்பு. எந்தச் சோப்பு என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். சோடியம் சோப்பு கிரீஸ் தண்ணீரில் கரையும், இந்தக் கரைக்கு உதவாது. லித்தியம் கிரீஸ் பரவாயில்லை, எங்கும் கிடைக்கும். கால்சியம் சல்ஃபோனேட் வகை உப்புநீருக்கு மிக நன்றாகத் தாங்கும். துறைமுகங்களில் அவுட்போர்டு எஞ்சினின் உந்துதண்டுக்குப் பூச விற்கும் மரைன் கிரீஸ் கிடைத்தால், சிறு ரீல்களுக்குக் கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் 4000 அளவுக்கு மேற்பட்ட ரீல்களுக்குப் பொருந்தும். இரண்டு வகைக் கிரீஸைக் கலப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சில வகைகள் ஒன்றுசேர்ந்தால் இளகி ஓடிவிடும். வகை தெரியாவிட்டால் பழையதைத் துடைத்தெடுத்துவிட்டுப் பூசுவதே வழி.

டிராக் வளையங்களைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும். இங்கே அவசியமானது, கம்பளி வளையமா, கரிம இழை வளையமா என்று பார்ப்பது. கம்பளிக்கு எண்ணெய் ஊறியிருக்க வேண்டும். கரிம இழையை உலர்வாகவோ, டிராக்குக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லியதாகப் பூசியோ வைக்கலாம். சாதாரண எண்ணெய் ஒழுகி அதில் ஏறினால் டிராக் ஒருசமயம் வழுக்கும், ஒருசமயம் பிடிக்கும். ஊளி முதல் ஓட்டத்திலேயே நரம்பை அறுத்துக்கொண்டு போகும்.

கழுவுவதா வேண்டாமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. கழுவினால் தண்ணீர் உப்பை இன்னும் உள்ளே தள்ளும், ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்கிற கட்சி ஒன்று. குழாயடியில் பிடித்துக் கழுவியே ஆக வேண்டும் என்பது மறுகட்சி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. டிராக்கை இறுக்கிவிட்டு, பூவாளியில் ஊற்றுவதுபோல் மெதுவாக, மேலிருந்து கீழாக நல்ல தண்ணீர் விட வேண்டும். பீய்ச்சி அடிக்கக் கூடாது, வாளியில் முக்கக் கூடாது, வெந்நீர் கூடாது. கைப்பிடியை நாலு சுற்று சுற்றி, உதறி, துடைத்து, டிராக்கைத் தளர்த்தி நிழலில் காற்றாட வைக்க வேண்டும். இதில் பலரும் கவனிக்காத விஷயம், அந்த நல்ல தண்ணீர் எது என்பது. கடலோர ஊர்களில் பல கிணறுகளும் போர்வெல்களும் உவர்ப்புதான். அந்த நீரில் கழுவினால் அதிக உப்பு போய்க் குறைந்த உப்பு தங்கும். கடைசி ஒரு செம்பாவது குடிநீரிலோ மழைநீரிலோ விடுவது பலனளிக்கும். பேச்சிப்பாறை அணையிலோ குளங்களிலோ மட்டும் தூண்டில் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர்களுடைய ரீல் துடைப்போடும், வருடத்துக்கு ஒரு கிரீஸோடும் காலம் தள்ளிவிடும். இணையத்தில் வரும் அறிவுரைகளில் பெரும்பகுதி நன்னீர்க்காரர்கள் எழுதியது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அடைப்பு வளையங்கள் வைத்த ரீல்கள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். பென் நிறுவனத்தின் ஸ்பின்ஃபிஷர் VI-க்கு ஐபிஎக்ஸ்5, ஸ்லாமர் III-க்கு ஐபிஎக்ஸ்6 என்று தரக்குறியீடு உண்டு. அவை நீர் பீய்ச்சிச் சோதிக்கும் தரங்கள். நீரில் மூழ்கினால் தாங்குமா என்பது ஐபிஎக்ஸ்7இல் தொடங்கும் வேறு சோதனை. அலையடிக்கும் பாறையில் நிற்பவருக்கு இவை உண்மையிலேயே உதவும். ஆனால் அடைப்பு வளையம் ரப்பர்தான், அதுவும் முதுமையடையும். உள்ளே புகுந்த நீரை அது வெளியே விடாது என்பதும் உண்டு. டைவாவின் மேக்சீல் முறையில் காந்தத்தால் நிறுத்தி வைக்கப்பட்ட காந்த எண்ணெயே தண்ணீரைத் தடுக்கிறது. அந்த இடத்தில் வேறு எண்ணெய் விட்டாலோ கழுவினாலோ தடுப்பு போய்விடும், வீட்டில் அதை மீட்கவும் வழியில்லை. திறந்து பார்த்துச் சரிசெய்யும் ஆசை உள்ளவர்கள் வாங்குமுன் யோசிக்க வேண்டிய ரீல் அது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பிரித்துக் கிரீஸ் போடுவது? எல்லாக் கரைக்கும் பொதுவான பதில் கிடையாது. குமரிக்கு ஒரு இயற்கையான நாட்காட்டி இருக்கிறது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆனி, ஆடிக் கடலில் கரைத்தூண்டிலும் பெரும்பாலும் நின்றுபோகும். அதிகமான ரீல்கள் சாகிறது அந்த இரண்டு மாதத்தில்தான். வைகாசியில் கடைசியாகப் போய்வந்த உப்போடு துணிப்பையில் முடிந்து அலமாரியில் வைக்கிறார்கள். மழைக்காற்றின் ஈரம் மிச்சத்தைச் செய்கிறது. ஆவணியில் எடுக்கும்போது ரோலர் இறுகியிருக்கும், பெயில் கம்பி மடங்காது. ஆகவே முழுச் சர்வீஸ் செய்ய வேண்டிய நேரம் சீசன் தொடங்கும்போது அல்ல, முடியும்போது. பிரித்து, துடைத்து, புதுக் கிரீஸ் போட்டு, டிராக்கைத் தளர்த்தி, பையில் முடியாமல் திறப்பாக வைத்தால் ஆவணியில் ஒரு துளி எண்ணெயோடு கடலுக்குப் போகலாம். வாரத்துக்கு இரண்டு தரம் கடலில் வீசுகிறவர்கள் நடுவில் ஒருமுறை, கார்த்திகை மழை முடிந்ததும் திறந்து பார்ப்பது நல்லது.

யாரிடம் கொடுப்பது என்பதுதான் மிஞ்சும் சிக்கல். அவுட்போர்டு எஞ்சினுக்கு இங்கே துறைமுகந்தோறும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீனவர் கூட்டமைப்பான சிஃப்ஸ் எஞ்சின் பழுதுபார்ப்பில் நீண்ட காலம் வேலை செய்திருக்கிறது. ரீலுக்கு அப்படி ஓர் ஆள் அபூர்வம். தையல் மெஷின், கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கைத்திறத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல, ஒருவழி கிளட்ச் விஷயத்தை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் போதும், துடைத்துக் காயவைத்தபின் கிரீஸ் போட வேண்டும். தின்னர் பக்கம் போனால் பிளாஸ்டிக்கும் பெயின்ட்டும் போய்விடும். உதிரிபாகம் கிடைக்கும் நிறுவனத்தின் நடுத்தர ரீலை வாங்குவது, உதிரிபாகமே கிடைக்காத விலையுயர்ந்த ரீலை வாங்குவதைவிட இந்தக் கரைக்குப் பொருத்தம். ரீல் வரும் பெட்டியில் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டு, எது எதன்மேல் வரும் என்று விரித்து வரைந்த தாள் ஒன்று இருக்கும். அநேகமாக முதல் நாளே அட்டையோடு அது குப்பைக்குப் போய்விடுகிறது. லைன் ரோலர் பேரிங்கின் அளவும், பெயில் ஸ்பிரிங்கின் பாக எண்ணும் அதில்தான் இருக்கின்றன.